நாற்பது டிவியும் ஒரு சட்டி நூடுல்ஸும்

அத்தியாயம் 11

திங்கட்கிழமை காலை அம்மா காரில் ரேடியோ போடவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் அம்மா ரேடியோவோடு சேர்ந்து பாடுவாள். வார்த்தை தெரியாத இடத்தில் சத்தம் கூடும். இன்று இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போன சோள லாரியையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

தண்டவாளத்தைத் தாண்டும்போது பின்னால் டிக்கியில் 'டங்' என்று ஒரு சத்தம். ரோஸ்டர் மூடி.

ஒரு முழு வான்கோழி உள்ளே உட்காரும் அளவுக்கு கரண்டில் சூடாகும் ஒரு பெரிய சட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது, அதுதான் ரோஸ்டர். வெள்ளிக்கிழமையிலிருந்து அது டிக்கியிலேயே கிடக்கிறது. கழுவாமல். எங்கள் அம்மா, நான் கடைசிக் கவளத்தை மெல்லும்போதே தட்டை உருவிக்கொண்டு போய்க் கழுவுகிறவள்.

"அம்மா, ரோஸ்டர்..."

"தெரியும்."

"சாயந்திரம் நான் வேணா கழுவி..."

"தெரியும்னு சொன்னேன்ல, மேரன்."

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள் என்பதற்காகவே பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் அம்மா பேசாமல் இருப்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை நடந்தது எங்கள் ஊர் ஹார்லன் ஃபோர்க் முழுக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் பேசியதைவிட அதைத்தான் அதிகம் பேசினார்கள்.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊரை விட்டு மெக்சிகோவுக்குப் போன டிவி வேலை, போன வசந்தத்தில் அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்தது. சுவருக்குப் புதுச் சாயம், கூரைக்குப் புதுத் தகடு, வாசலில் கொடி. திரைக் கண்ணாடி இன்னும் கடல் தாண்டித்தான் வருகிறது. மற்றதை நாங்கள் பூட்டுகிறோம். முதல் நானூறு டிவி இந்த வாரம் லாரி ஏற வேண்டும். அதில் நாற்பது, வெள்ளிக்கிழமை மதியம் சோதனை அறையில் மென்பொருள் ஏறிக்கொண்டிருந்தபோதே செத்துப்போயின. ஆன் செய்தால் நீல நட்சத்திரம் ஒன்று வரும். அதோடு சரி. ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் நட்சத்திரம்தான்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அந்த லைனுக்கே லீடர் எங்கள் அம்மா, லோர்னா ஸ்டிடம்.

டிவிகள் செத்துப்போன அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் ஓய்வறையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். முதல் நானூறு டிவியில் பாதியைத் தாண்டிவிட்டோம் என்று பிட்ச்-இன் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சட்டி கொண்டுவந்து எல்லோருமாகச் சாப்பிடுவது. அம்மா செய்தது ரோஸ்டர் நிறையக் கோழி நூடுல்ஸ், அறுபது பேருக்கு. மசித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று பதினொன்றே முக்காலுக்கு அம்மா சோதனை அறைக்குள் தலையை நீட்டி, "நீ போய் வரிசையில நில்லு, கூட்டம் சேர்ந்துட்டா நீ தட்டையே எடுக்க மாட்டே. இங்க நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

*

வாசலில் பார்வையாளர் நோட்டு திறந்தபடி கிடந்தது. காவலாளி தெர்மாஸ் மூடியைத் திருகிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பக்கம் பின்னால் புரட்டினேன்.

வெள்ளிக்கிழமை. டுவேன் ஸ்டிடம். உள்ளே: 11.40. வெளியே: ஒன்றும் இல்லை.

அப்பா.

ரோஸ்டர் கனம் என்று அம்மா அதைக் காலையில் எடுத்து வரவில்லை. அப்பாதான் பிறகு கொண்டுவந்து கொடுத்தார். வெளியே போகும்போது அவர் எங்கேயும் கையெழுத்துப் போட மாட்டார். வங்கியாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, "வரும்போது தெரிஞ்சா போதாதா, போறதை என்ன கணக்கு" என்பார்.

அப்பாவுக்கு இந்தத் தொழிற்சாலையைப் பிடிக்காது. திறந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் அதே பேச்சு. "பார்த்துக்கிட்டே இரு லோர்னா. ஒரு வருஷம். படம் எடுத்துக்குவாங்க, கை குலுக்குவாங்க, கண்ணாடி எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கமே எல்லாம் போயிடும்."

அவர் நாற்பது டிவியைக் கெடுக்கக்கூடியவரா? காலையில் உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கும் மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு, அதைச் சோதிக்கும் கருவியில் கட்டைவிரலை வைத்துப் பச்சை விளக்கு எரியக் காத்திருந்தபோது அதைத்தான் யோசித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அப்பா செய்தது என்றால் அம்மா செய்யவில்லை.

ஏழு மணிக்கு மேனேஜர் க்ரெய்க் வாஸ்லர் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். வெளியூர்க்காரர். பூட்ஸில் இன்னும் மண் ஒட்டாதவர்.

"யார் மேலயும் பழி போட நான் வரல. எனக்குக் காரணம் வேணும். மூணு மணிக்குத் தலைமை ஆபீஸ் போன் பண்ணுவாங்க. காரணத்தைச் சொல்லிட்டா நாப்பது பெட்டி நஷ்டத்தோட முடிஞ்சுது. காரணம் தெரியலன்னா, லைன் யார் பொறுப்போ அவங்களை மாத்துவாங்க. இது நான் எடுத்த முடிவில்ல."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டாள். அட்டை, விசில், இரண்டு சாவி.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" ரோண்டா அத்தையின் குரல். அப்பாவின் தங்கை, பேக்கிங்கில் இருக்கிறாள். அத்தை மெதுவாகப் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். "இந்த ஊர்க்காரங்க யாராவது தன் சோத்துல தானே மண்ணை அள்ளிப் போட்டுக்குவாங்களா? இருபத்தேழு வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கோம். அன்னிக்குச் சாப்பிட வராத ஆளு யாருன்னு முதல்ல பாருங்க."

சொல்லி முடிக்கவில்லை, எல்லோர் பார்வையும் கடைசிக்குப் போனது. அங்கே மிஸ் லின் நின்றுகொண்டிருந்தாள்.

லின் யீ-டிங், தைவானிலிருந்து வந்த பொறியாளர். எங்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க ஆறு மாதத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். முப்பது வயது இருக்கும். எங்கள் கைகளைப் படம் எடுப்பாள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடி என்று கடிகாரத்தை அழுத்துவாள், எழுதுவாள். சாப்பாட்டைத் தன் காரில் உட்கார்ந்து சாப்பிடுவாள். வெள்ளிக்கிழமை பிட்ச்-இன்னுக்கு அவளும் ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்திருந்தாள். அன்னாசி கேக். யாரும் அதைப் பிரிக்கவில்லை. யாரும் அவளிடம் ஒரு தட்டை நீட்டவும் இல்லை.

அந்தப் பெட்டி இன்னும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய டேப்போடு இருக்கிறது.

*

ஒன்பது மணிக்கு மிஸ் லின் சோதனை அறைக்கு வந்தாள். நாற்பது நீல நட்சத்திரங்களுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர். இருவருமே பேச்சில் கெட்டிக்காரிகள் இல்லை.

"மேரன், உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். "டிவி அடுக்கியிருக்கற இந்த ரேக்குக்கு வர்ற கரண்டோட பதிவு. இன்னிக்குக் காலையிலதான் எனக்குக் கிடைச்சுது. பதினொண்ணு அம்பத்திரண்டுக்குப் போயிருக்கு. பதினொண்ணு அம்பத்தெட்டுக்குத் திரும்பி வந்திருக்கு."

"கரண்ட் போச்சா? ஊர்ல எங்கயும் போகலையே."

"இங்க மட்டும். அதுக்கு முன்னாடி நாலு நிமிஷம் இந்த லைன்ல வேற ஏதோ பெரிசா ஓடியிருக்கு. ஹீட்டர் மாதிரி. சுமை தாங்காம சுவிட்ச் விழுந்திருக்கு. மென்பொருள் பாதி ஏறினப்ப கரண்ட் போனதாலதான் டிவி செத்திருக்கு." அவள் ஒரு நொடி நிறுத்தினாள். "விழுந்த சுவிட்ச் தானா எழுந்துக்காது. யாரோ தூக்கி விட்டிருக்காங்க."

"யாரு?"

"அது காகிதத்துல இல்ல. எப்போங்கறது மட்டும்தான் இருக்கு."

நான் கீழே பார்த்தேன். சுவரில், தரைக்குச் சற்று மேலே, ரேக்குக்கு மட்டும் என்று ஒதுக்கிய கரண்ட் லைனில் காலியாக ஒரு பிளக் பாயிண்ட். வேறு யாரும் தொடக் கூடாது என்பதற்காக அதற்கு ஆரஞ்சு நிறம் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். பராமரிப்பு வேலை பார்க்கும் கிப், வியாழக்கிழமை சாயந்திரம் அவசர அவசரமாக அடித்துவிட்டு மான் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார். துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கும் வாரக்கடைசியில் எங்கள் ஊரில் எந்த ஆண்பிள்ளையும் வேலைக்கு இருக்க மாட்டான். எச்சரிக்கைப் பலகையைத் திங்கட்கிழமை மாட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

ஆரஞ்சுப் பூச்சில் இரண்டு துளைகளைச் சுற்றி ஒரு கீறல். காயாத சாயத்தில் எதையோ அழுத்திப் பிடுங்கிய தடம்.

இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஓய்வறை. வெள்ளிக்கிழமை அங்கே இருந்த எல்லா பிளக்கிலும் யாராவது ஒருவருடைய சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. முந்தி வந்தவர்களுக்குத்தான் பிளக். கடைசியாக வந்தது எங்கள் ரோஸ்டர்.

"உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருதா?" என்று மிஸ் லின் கேட்டாள்.

நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த பிளக்கைத்தான் பார்த்தாள்.

*

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். சாலையின் எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் பங்கில் அப்பா இருப்பார் என்று எனக்குத் தெரியும். புல் வெட்டும் மிஷினுக்குச் சாமான் வாங்க வருகிறேன் என்பார். உண்மையில் ஜன்னலோர மேசையில் காபியோடு உட்கார்ந்து எங்கள் தொழிற்சாலைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தனியாகத்தான் இருந்தார். ஊரில் அவரோடு உட்காருகிறவர்கள் குறைவு. பழைய தொழிற்சாலை மூடுவதற்கு முன்னால், மெக்சிகோவில் ஹுவாரெஸ் என்ற ஊருக்குப் போய் அங்குள்ளவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க நான்கு பேரை அனுப்பினார்கள். அதில் அப்பா ஒருவர். எட்டு மாதம். அவர் திரும்பி வந்த மூன்றாவது வாரம் இங்கே கதவைப் பூட்டினார்கள். ரோண்டா அத்தைக்கும் அன்றுதான் வேலை போனது.

"என்ன குட்டி, வேர்த்துப் போய் வந்திருக்கே. துரத்திட்டாங்களா?"

"அப்பா, வெள்ளிக்கிழமை அந்த ரோஸ்டரை நீங்க எங்க வெச்சீங்க?"

"ஏன், யாராவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"அப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் சொன்னேன். காகிதம், ஆரஞ்சுப் பிளக், கீறல், யாரோ தூக்கிவிட்ட சுவிட்ச். நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"நோட்டுல உங்க பேர் இருக்கு. பிளக்குல மாட்டினது நீங்களா?"

"நானா? உள்ள ஒரு பிளக்கும் காலி இல்ல. உங்கம்மா வந்து கையில வாங்கிக்கிட்டு, 'நீ கிளம்பு, நான் எங்கயாவது மாட்டிக்கறேன்'னு..."

பாதியில் நின்றுவிட்டார்.

இரண்டு பேரும் ஜன்னல் வழியாக அந்தக் கூரையைப் பார்த்தோம்.

"நான் எதுவும் சொல்லல" என்றார் அப்பா.

"சரிப்பா."

"இப்ப யார் மேல சந்தேகப்படறாங்க?"

"மிஸ் லின் மேல. அத்தை ஒரு காகிதம் வெச்சுக்கிட்டுக் கையெழுத்து வாங்கிக்கிட்டு இருக்கா. அவளைத் திருப்பி அனுப்பணும்னு. எங்க லைன் ஓடக் கூடாதுன்னு அவளே கெடுத்துட்டாளாம்."

அப்பா ஏதோ நினைத்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"ஹுவாரெஸ்ல ஒரு நாள் டிவி கூடு வார்க்கற பெரிய மிஷின் ஒண்ணு உடைஞ்சு போச்சு. நான்தான் உடைச்சேன்னாங்க. வேலை தன் ஊரை விட்டுப் போயிடக் கூடாதுன்னு இவனே பண்ணிட்டான்னு. ரெண்டு வாரம் ஒருத்தரும் என் பக்கத்துல உக்காரல. நான் வண்டியில உக்காந்துதான் சாப்பிட்டேன்."

"நீங்க உடைக்கலையே?"

"உடைக்கணும்னு தினமும் தோணிச்சு. உடைக்கல." அவர் எழுந்து தொப்பியை மாட்டினார். "நீ போ. நேரமாச்சு."

நான் நேராக உள்ளே போகவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் அம்மாவின் காரைத் திறந்தேன். என்னிடம் ஒரு சாவி உண்டு. டிக்கியில் ரோஸ்டர், மேலே ஒரு துண்டு போர்த்தி. துண்டை விலக்கி வயரை இழுத்தேன்.

பிளக்கின் கறுப்பு முகத்தில் ஆரஞ்சு. நகத்தால் சுரண்டினேன். போகவில்லை.

*

இரண்டு மணிக்கு ரோண்டா அத்தை என் அறைக்கே வந்துவிட்டாள்.

"கண்ணு, இதுல ஒரு கையெழுத்துப் போடு. முப்பத்தெட்டு பேர் போட்டாச்சு."

"எனக்கு வேண்டாம் அத்தை."

"என்ன வேண்டாம்? இதென்ன கேக்கா, பலகாரமா? உங்கம்மாவைக் காப்பாத்தறதுக்குத்தானே அலையறேன்! மூணு மணிக்கு அவன் காரணம் கேப்பான். காரணம் கையில இல்லன்னா உங்கம்மா திரும்பவும் அந்த நர்ஸிங் ஹோம்ல படுக்கை விரிப்பு மடிக்கப் போகணும். பதினாலு வருஷம் மடிச்சா. போதாதா?"

"மிஸ் லின் பண்ணல."

"உனக்கெப்படித் தெரியும்?"

வகுப்பில் புத்தகத்தோடு நின்றது போலவே நின்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கப்பன் மாதிரியே நிக்கறே. எது கேட்டாலும் பதில் வராது, ஆனா உள்ள ஏதோ இருக்கும்."

அப்போது ஒலிபெருக்கி என்னையும் அம்மாவையும் மிஸ் லின்னையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டது. அத்தையை யாரும் கூப்பிடவில்லை. அவளும் காகிதத்தோடு வந்தாள்.

உள்ளே க்ரெய்குக்கு எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். பார்வையாளர் அட்டையைச் சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்தார்.

"சொல்லுங்க டுவேன். இவங்க முன்னாடியே சொல்லுங்க" என்றார் க்ரெய்க்.

"வெள்ளிக்கிழமை நூடுல்ஸ் கொண்டுவந்தது நான். சாப்பாட்டு ரூம்ல பிளக் காலி இல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் ஒண்ணு காலியா இருந்துச்சு, மாட்டினேன். கொஞ்ச நேரத்துல டப்புன்னு போச்சு. சுவிட்சைத் தூக்கி விட்டேன், எல்லாத்துலயும் நட்சத்திரம் வந்துச்சு. சரியாயிடுச்சுன்னு நினைச்சு ரோஸ்டரைப் பிடுங்கிட்டுக் கிளம்பிட்டேன். அவ்வளவுதான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவள் வலது கை கழுத்துக்குப் போய், இரண்டு சாவிகளையும் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டது.

முதலில் வெடித்தது அத்தைதான்.

"நீயா! ஒரு தடவை இந்த ஊர் வேலைய எடுத்துக்கிட்டுப் போய் அங்க குடுத்துட்டு வந்தே. திரும்பி வந்ததையும் விட மாட்டியா? என் அண்ணன்னு சொல்லிக்க எனக்கு..." கையிலிருந்த காகிதத்தைக் கசக்கி அவர் மடியில் எறிந்தாள். முப்பத்தெட்டு கையெழுத்து. "வேணும்னே பண்ணினியா?"

"இல்ல ரோண்டா. தெரியாமத்தான்."

"அன்னிக்கும் இங்க மூடப்போறாங்கன்னு தெரியாமத்தான் போனேன்னு சொன்னே!"

அப்பா மடியிலிருந்த காகிதத்தை எடுத்து நீவி மேசைமேல் வைத்தார்.

க்ரெய்குக்கு முகம் தெளிந்துவிட்டது. காரணம் கிடைத்த முகம். "வெளியாள், தெரியாம பண்ணின தப்பு. இதை நான் எழுதிடறேன். டுவேன், இனிமே நீங்க இந்த வளாகத்துக்குள்ள வரக் கூடாது. உங்களுக்குப் புரியும்னு நினைக்கறேன். லோர்னா, இதுல உங்க மேல ஒண்ணும் இல்ல."

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்க்காமலேயே தொப்பியை எடுத்து முழங்கால்மேல் தட்டினார். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"நான் ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றாள் மிஸ் லின்.

க்ரெய்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம்."

"மிஸ்டர் ஸ்டிடம், சுவிட்ச் பெட்டியில நீங்க தூக்கி விட்டது எந்த சுவிட்ச்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெட்டி பூட்டியிருக்கும். நானே அதன் உள்ளே பார்த்ததில்லை. சாவி இரண்டு பேரிடம்தான். ஒருவர் கிப். அவர் வெள்ளிக்கிழமை காட்டில் மானுக்காகக் காத்திருந்தார்.

அப்பா நெற்றியைச் சொறிந்துகொண்டார்.

"மேல இருந்து... மூணாவது."

மிஸ் லின் அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் மூடிய கையைப் பார்த்தாள். பிறகு தன் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதினாள். சின்னதாக, நிதானமாக.

"நன்றி. அவ்வளவுதான்" என்றாள்.

*

ஐந்தரைக்கு அப்பா மேசையில் தக்காளி சூப்பும் சீஸ் வைத்து வாட்டிய ரொட்டியும் வைத்திருந்தார். ஊரே அவரைத் திட்டிக்கொண்டிருக்கும் நாளில் அவருக்குச் சமையல் நன்றாக வரும்.

"உக்காருங்க உக்காருங்க. நான் இனிமே அந்த வளாகத்துக்குள்ள வரக் கூடாதாம். இருபத்தேழு வருஷமா நானே போகாம இருந்தேன், இப்ப எழுத்துல குடுத்திருக்காங்க."

அம்மா கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஃபிரிட்ஜ் மேல் மூன்று நாளாகக் கிடந்த அன்னாசி கேக். டேப்பை நகத்தால் பிரித்தாள். உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றியிருந்தது. எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது, எங்கள் லைனில் இருக்கிற அத்தனை பேருக்கும் இருந்தது.

அப்பா ஒன்றைப் பிரித்துக் கடித்தார். "நல்லா இருக்கே இது."

"டுவேன்."

"ம்."

"மேல இருந்து மூணாவதுன்னு சொன்னே."

"ஏன், நாலாவதா?"

"அந்தப் பெட்டியில மொத்தமே ரெண்டு சுவிட்ச்தான்."

அப்பா மெல்வதை நிறுத்தினார்.

"ஒண்ணு விளக்குக்கு, ஒண்ணு ரேக்குக்கு" என்றாள் அம்மா. "அஞ்சு நிமிஷம்தானேன்னு நினைச்சேன் டுவேன். நூடுல்ஸ் ஆறிப்போயிருந்துச்சு. தூக்கி விட்டதும் நாப்பதுலயும் நட்சத்திரம் வந்துச்சு. சரியாயிடுச்சுன்னு சத்தியமா நினைச்சேன். ரெண்டு மணிக்கு எல்லாரும் கத்தினப்ப சொல்லியிருக்கணும். வாய் வரல. அப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் இன்னும் வரல."

"சரி விடு. அதான் முடிஞ்சு போச்சே."

"எங்க முடிஞ்சுது? அந்தப் பெட்டிய மாட்டினப்ப பக்கத்துல நின்னு பார்த்தவளே மிஸ் லின்தான்."

"அப்போ, நான் சொன்ன உடனேயே அந்தப் பொண்ணுக்கு..."

"தெரியும்."

"ஆனா ஒண்ணும் சொல்லலையே. எழுதில்ல வெச்சுக்கிட்டா."

"எழுதிக்கிட்டா. மூணாவதுன்னு எழுதினதை நான் பார்த்தேன். சாயந்திரம் கிளம்பறப்ப, மேரன் வர்றதுக்கு முன்னாடி, என் காருக்கிட்ட வந்தா. 'என் ரிப்போர்ட்டை நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அனுப்புவேன்'னா. வேற ஒரு வார்த்தை பேசல. போயிட்டா." அம்மா கழுத்திலிருந்த சாவிகளைக் கழற்றி, கேக் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "மிரட்டறாளா, அவகாசம் குடுக்கறாளான்னு எனக்குத் தெரியல."

அப்பாவுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மிஸ் லின்னின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லாத முகம். என் முகமும் மற்றவர்களுக்கு அப்படித்தான் தெரியுமோ என்னவோ.

"லோர்னா, நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றார் அப்பா. "ரெண்டோ மூணோ, வயசான ஆளு தப்பா எண்ணிட்டான்னு சொல்லிக்கலாம். ஊர்ல எனக்குப் புதுசா கெட்டுப் போக என்ன பேரு இருக்கு?"

அம்மா சூப்பை ஒரு வாய் குடித்தாள். பிறகு எழுந்தாள்.

"மேரன், டிக்கியிலேர்ந்து ரோஸ்டரை எடுத்துட்டு வா."

நான் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டாள். மூன்று நாள் காய்ந்த நூடுல்ஸ். ஊறவைத்து, சுரண்டி, தேய்த்து, திரும்பத் தேய்த்தாள். மூடியை, ஓரத்தை, கைப்பிடிக்குக் கீழே விரல் நுழையாத இடத்தை. அப்பாவும் நானும் மேசையில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எப்போது வயருக்கு வருவாள், பிளக்கை எதைக் கொண்டு துடைப்பாள் என்று நான் காத்திருந்தேன். நகப்பூச்சு அழிக்கும் புட்டி பக்கத்து ஜன்னலில்தான் இருந்தது.

வயரின் முழு நீளத்தையும் ஈரத்துணியால் துடைத்தாள். பிளக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் துணி நின்றது.

பிறகு வயரைச் சுற்றி உள்ளே வைத்து, மூடியைப் போட்டு, ரோஸ்டரைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் கதவோரம் வைத்தாள். நாளைக்கு வேலைக்கு எடுத்துப்போகும் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில்.

"அதை எங்க எடுத்துட்டுப் போறே, லோர்னா?" என்று அப்பா கேட்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். மேசையிலிருந்த சாவிகளை எடுத்தாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளவில்லை. ரோஸ்டர் மூடியின்மேல் வைத்தாள்.

மூடி சரியாக உட்காராமல், ஓரத்தில் பிளக் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தது. ஆரஞ்சு அப்படியே இருந்தது.